பேய்க்கதையோடு ஒரு தோல் துண்டு

மழை விட்டு வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். ஆம்பூர் கடைத்தெருவில், கடுக்காய் மண்டிக்கு மேலே மாடியில் இருந்தது எங்கள் வாசகசாலை. பேப்பர் படிக்க வந்தவர்கள் மழைக்குப் பயந்து முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். விளக்கேற்றுவதா, கதவைச் சாத்திவிட்டு நானும் கிளம்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

செருப்புச் சத்தம் இல்லை. ஈரமான வெறுங்கால் ஒவ்வொரு படியாக அழுத்திக்கொண்டு வரும் சத்தம். பேய்க்கதைகளிலேயே மூழ்கிக் கிடந்த நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வந்தவர் சபாபதி முதலியார். வாசகசாலையின் காரியதரிசி. கோர்ட்டில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அன்றைக்கு உட்காரவில்லை. நேராகப் போய் மூலையில் இருந்த பேய்க்கதை அலமாரிக்கு முன்னால் நின்றார்.

"மாசிலாமணி, இதுல ஒண்ணு எடுத்துக் குடுப்பா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அலமாரியை ஒழித்துக் கட்டுவதற்காக மறுநாள் காலையில் கமிட்டியைக் கூட்டியிருந்தவரே அவர்தான்.

பெட்டி வந்த கதை

குடியாத்தத்தில் தறிச் சத்தத்தை விட்டுவிட்டு நான் ஆம்பூருக்கு வேலைக்கு வந்த கதையைப் போன வாரம் சொன்னேன். வந்த புதிதில் வாசகசாலையில் இருந்ததெல்லாம் நீதி நூல்களும், பக்திப் பாடல்களும், விவசாயத்தைப் பற்றிச் சர்க்கார் அச்சடித்த சில புத்தகங்களும்தான். அவற்றை யாரும் தொடவில்லை. தூசி தட்டுவதற்கு நான்தான் தொடுவேன்.

இரண்டு வருஷம் அப்படியே போன பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. தோல் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போகும்போது, வீட்டில் கிடந்த புத்தகங்களை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் அத்தனையும் பேய்க்கதை. அட்டைக்கு அட்டை தலைவிரி கோலத்தில் ஒருத்தி நிற்கிறாள். அந்தக் காலத்து வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் இரட்டைத் தலைப்பு. 'கோமளாங்கி அல்லது பாழுங்கிணற்றுப் பங்களா', 'பொன்னுரங்க பூபதியின் மண்டையோடு அல்லது மறுபடி வந்த மனைவி' என்று அரைப் பக்கத்துக்கு நீளும்.

நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் கீழேயிருந்து யாரோ பாதத்தைப் பிடித்து இழுக்கப் போவதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். நான் நல்ல நெசவுக்காரனாகாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். பயப்படுகிறவனுக்குத்தான் பேய்க்கதையின் ருசி தெரியும். காலை மடக்கி நாற்காலி மேலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இவ்வளவு சந்தோஷமான பயத்தை நான் மட்டும் அனுபவித்தால் போதுமா? ஊர் முழுக்கப் படிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

முதலியாருக்கு அட்டைகளைப் பார்த்ததுமே முகம் சுருங்கிப் போயிற்று.

"இன்னாப்பா இது, வாசகசாலையா சுடுகாடா?"

"ஜனங்க விரும்பிப் படிப்பாங்க ஐயா."

"பேய்ன்னு ஒண்ணு கிடையாதுப்பா. இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

கோர்ட்டு குமாஸ்தாவின் தோரணை, தனக்குத் தெரியாமல் பேய்கூட நடமாட முடியாது என்கிறார் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு கெடு வைத்தார். தீபாவளிக்குள் இந்தப் புத்தகங்களை ஜனங்கள் எடுத்துப் படித்தால் சரி. இல்லாவிட்டால் மொத்தமும் எதிரே இருந்த மளிகைக்கடைக்குப் பொட்டலம் கட்டப் போய்விடும். மிளகாயும் மல்லியும் கட்டிக்கொண்டு போகிற கோமளாங்கியை நினைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

மாடி ஏற வேண்டாம்

முதலில் ஒரு கரும்பலகை வாங்கி, மண்டி வாசலில் மாட்டி, கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'பயங்கரப் பேய்க்கதைகள் வந்துள்ளன. பலவீனமான இருதயம் உள்ளவர்கள் மாடி ஏற வேண்டாம்.'

நல்ல விளம்பரம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மறுநாள் முதல் பேப்பர் படிக்க வருகிற கிழவர்கள்கூட வரவில்லை. விசாரித்தால், மாடிப்படி ஆட்டம் கண்டுவிட்டது, ஏறுகிறவர்களுக்கு ஏதாவது ஆனால் கமிட்டி பொறுப்பில்லை என்று போர்டு போட்டிருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. போர்டின் முதல் வரியை யாரும் படிக்கவே இல்லை. முதலியார் வந்து தன் கையாலேயே அதை அழித்துவிட்டுப் போனார்.

அடுத்து வேறு வழி பார்த்தேன். சாயங்காலம் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது எங்கள் வாசகசாலை வழக்கம். எழுத்துத் தெரியாதவர்களும் அதற்கு வருவார்கள். படிக்கிறவன் நான்தானே. செய்தி முடிந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் 'கோமளாங்கி'யை எடுத்து ஓர் அத்தியாயம் படித்தேன். கிணற்றுக்குள்ளிருந்து வளையல் ஓசை வருகிற கட்டம். எனக்கே குரல் நடுங்கியது.

கேட்டவர்கள் நிதானமாகக் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் வெற்றிலை மடித்துக்கொண்டே, "நாளைக்கு மழை வரும்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார்.

ஊரே செருப்பு

எனக்கு விஷயத்தை விளக்கியவர் கரீம் பாய். செருப்புக்குத் தோல் வெட்டுகிறவர். கையெல்லாம் பட்டைச் சாயம் ஏறிப் பழுப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் பேப்பர் கேட்க வருவார். அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இன்னா தோஸ்த், பேஜாரா உக்காந்துகினு இருக்கே?"

"யாருக்குமே பயம் வரலையே பாய்."

"எப்படி வரும்? பேய் அண்டாம இருக்கணும்னா உங்க ஜனங்க இன்னா பண்றாங்க?"

"தலைமாட்ல செருப்பு வெச்சுப்பாங்க."

"ஏன்?"

"தோலுக்குப் பேய் பயப்படும்னு சொல்வாங்க."

கரீம் பாய் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். காற்றில் தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டி நாற்றமும், பதனிடப் போடுகிற ஆவாரம்பட்டை வாசமும் கலந்து வந்தது. தெருவில் ஒரு வண்டி நிறையத் தோல் போய்க்கொண்டிருந்தது.

"இங்க ஊரே செருப்புதான். வாணியம்பாடி எல்லையிலயே பேய் மூக்கைப் புடிச்சுகினு திரும்பிப் போய்டும். இந்த ஊர்ல போய்ப் பேய்க்கதை விக்கிறியே நீ" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்பூர்க்காரர்களுக்குத் தைரியம் ஜாஸ்தி என்று நான் நினைத்தது தப்பு. காவல் இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்தார்கள். நாற்றத்தைச் சகித்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அதில் கிடைத்த ஒரே லாபம் இது. அதை விட்டுக்கொடுப்பார்களா?

யோசித்தேன். நோய் இல்லை என்கிறவனிடம் வாதாடிப் பயனில்லை. கையில் மருந்தைக் கொடுத்துவிட்டால் நோய் இருப்பதாக அவனே நம்பிவிடுவான்.

"பாய், வெட்டுனதுல மிச்சம் விழுற துண்டெல்லாம் எனக்குத் தருவீங்களா?" என்றேன்.

படிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு

விரல் அகலத்துக்கு, ஜாண் நீளத்துக்கு ஆட்டுத்தோல் துண்டுகள். ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். ஒவ்வொரு பேய்க்கதைக்குள்ளும் ஒன்றை, பக்க அடையாளம்போல வெளியே தெரியும்படி வைத்தேன்.

முதலில் மாட்டியவர் அன்னம்மா டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். எதற்கும் பயப்படாதவர் என்று பெயர் எடுத்தவர்.

"இன்னா மாசிலாமணி இது, தோல் வாரு?"

"புஸ்தகம் படிச்சு முடிக்கிற வரைக்கும் தலைமாட்ல வெச்சுக்கணும் டீச்சர். வேணாம்னா சொல்லிடுங்க. அப்புறம் நான் பொறுப்பில்ல."

"இந்த ஊர்ல எதுக்கு? ஊர் முழுக்கத்தான் தோல் இருக்குதே."

"அது சாதாரணப் பேய்க்குப் போதும் டீச்சர்."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புத்தகத்தைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். துண்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு போனார். மறுநாள் கண் சிவக்க வந்து, "ஒரே ஒரு துண்டு போதுமா?" என்று கேட்டார்.

போதாதா எனக்கு? ஆம்பூருக்குள்ளேயே தனியாகத் தோல் கொடுக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட பேயாக இருக்கும் என்று ஊர் கிசுகிசுக்க ஆரம்பித்தது. தொட்டி வேலைக்காரர்கள் வேலை விட்டதும் கையைக்கூடக் கழுவாமல் மாடி ஏறினார்கள். பக்கங்களில் பழுப்பு விரல் ரேகை பதிந்து வந்தது. எந்தப் பக்கத்தில் ரேகை அழுத்தமாக இருக்கிறதோ அந்த இடத்தில் பயந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். எழுத்துத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பெண்ணையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு வந்து, "இது படிக்கும், நாங்க கேப்போம்" என்று வாங்கிப் போனார்கள். புத்தகம் ஒழுங்காகத் திரும்பி வரும். தோல் துண்டு மட்டும் வராது. தொட்டிலில் கட்டினார்கள், மாட்டுக் கொம்பில் கட்டினார்கள். சத்துவாச்சாரியில் பெண் கொடுத்த ஒருவர், மாமியார் வீட்டில் மகளுக்கு உதவும் என்று துண்டுக்காகவே ஒரு புத்தகம் எடுத்தார். அவர் மகள் யாரை விரட்ட அதைப் பயன்படுத்தினாள் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முன்பே அலமாரி காலியாகிவிட்டது. ஒன்று திரும்பி வருவதற்குள் அடுத்தவர் வந்து காத்திருந்தார்.

முதலியாரின் கோபம்

கெடுவில் ஜெயித்துவிட்டேன் என்று நான் மிதப்பில் இருந்தேன். முதலியார் தோல் துண்டைக் கண்ணால் பார்த்த அன்றைக்கு அந்த மிதப்பு இறங்கியது.

"வாசகசாலைல தாயத்து குடுக்கிறியா நீ?"

"தாயத்து இல்லைங்க ஐயா. சும்மா ஒரு வேடிக்கைக்கு."

"அறிவு வளர்றதுக்காகக் கட்டின இடம்ப்பா இது. தோலைக் கண்டா வராது, தோல் இல்லன்னா வரும்னு நீயே ஊருக்குச் சொல்லிக் குடுக்கிறே. அவங்களும் நம்புறாங்க. வராதுப்பா. எதுவும் வராது."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கோபத்தில் வந்த இருமல் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும், பேய் அலமாரியை எடுத்துவிட வேண்டும் என்று அவரே பிரேரணை கொண்டுவருவார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அலமாரியோடு என் வேலையும் போகலாம் என்று கரீம் பாய் எச்சரித்தார்.

முதலியாரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் மனைவி விசாலாட்சியம்மாள் காலமாகியிருந்தார். அந்த அம்மாளிடம் நான் பேசியதில்லை. அவருடைய சிரிப்பைத்தான் எனக்குத் தெரியும். கடைத்தெருவில் எங்கேயோ யாரிடமோ பேசிச் சிரித்தால் மாடியில் என் ஜன்னல் வரைக்கும் கேட்கும். முதலியார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வந்துட்டா" என்பார்.

அந்த அம்மாள் போன பிறகு முதலியாரிடம் சில மாறுதல்கள். தோல் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, ரயில் பாதையைத் தாண்டி மலையடிவாரத்தில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு சின்ன வீட்டில் போய்த் தனியாக இருந்தார். நினைவு தாங்காமல் போய்விட்டார் என்றார்கள். செருப்புப் போடுவதை விட்டுவிட்டார். சோளிங்கர் நரசிம்மருக்கு ஏதோ வேண்டுதல் என்றார்கள். கோர்ட்டு நாளிலிருந்து கையில் வைத்திருந்த தோல் பையை யாருக்கோ கொடுத்துவிட்டு மஞ்சள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வயதானால் சிக்கனம் வந்துவிடுகிறது என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு காரணம் தயாராக இருந்தது. நானும் கேட்டுக்கொண்டேன்.

வேண்டாம் என்று தள்ளியது

இப்போது அந்த மழைச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

"படிக்காம ஒரு புஸ்தகத்தைத் தள்றது நியாயம் இல்ல. அதான் வந்தேன்" என்றார் முதலியார். அலமாரியில் அன்றைக்குத் திரும்பி வந்திருந்த சில புத்தகங்கள் இருந்தன. அவர் ஒன்றையும் தொடாமல் கேட்டார்.

"இதுங்கள்ல வர்ற பேயெல்லாம் யாரு?"

"இதுல ஜமீன்தார் ஐயா. கொலை செஞ்சுடறாங்க. அதுல ஒரு மந்திரவாதி."

"வீட்டுக்காரி யாராச்சும் வர்ற மாதிரி இருக்குதா?"

'மண்டையோடு அல்லது மறுபடி வந்த மனைவி'யை எடுத்து நீட்டினேன். வாங்கினார். விரித்தார். உள்ளே இருந்த தோல் துண்டை இரண்டு விரலால் எடுத்து மேஜைமேல் வைத்து, என் பக்கமாகத் தள்ளினார்.

"இது வேணாம்ப்பா."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம், "தலைமாட்ல இல்லன்னா நான் பொறுப்பில்ல ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது இருந்தா வர மாட்டாங்கன்னு நீதானே சொல்றே."

அவ்வளவுதான் சொன்னார். தரையில் அவருடைய வெறும் பாதங்கள் ஈரமாக இருந்தன. தோளில் துணிப்பை. அவர் தள்ளிய துண்டை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன். செருப்பு, பை, தோல் நாற்றம் எட்டாத அந்த வீடு, எல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான். ஒரு வருஷமாக அந்த மனுஷர் மனைவி வருவதற்கு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் வரவில்லை. பேய் கிடையாது, இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் சொன்னது தோரணை இல்லை. காத்திருந்து பார்த்தவன் சொன்ன சாட்சி.

மறுநாள் கமிட்டியில் முதலியார் எழுந்து, "அலமாரி இருந்துட்டுப் போகட்டும். தோல் துண்டு, வேணும்னு கேக்கிறவங்களுக்கு மட்டும் குடுத்தா போதும்" என்றார். காரணம் சொல்லவில்லை. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

சிரிக்கிற பேய்

நாலைந்து நாளில் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இவ ரொம்ப கோவக்காரியா இருக்கா. புருஷன் கழுத்தையே நெரிக்கிறா. கோவப்படாதவ யாரும் இல்லையா?"

தேடினேன். என்னுடைய அலமாரியில் இல்லை. மெட்ராஸுக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன். புத்தகங்கள் வந்தன. எல்லாவற்றிலும் செத்துப்போன பெண்கள் பழிவாங்கத்தான் வந்தார்கள். வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போக ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. எழுதியவர்கள் யாரும் பெண்டாட்டியோடு சந்தோஷமாக இருந்ததில்லைபோல.

ஊருக்கெல்லாம் பேய்க்கதை படிக்க ஆசை மூட்டியவன் ஒரு வாசகர் கேட்டதை இல்லையென்று சொல்லலாமா? நானே எழுத உட்கார்ந்தேன். பெரிய கதை இல்லை. மலையடிவாரத்து வீட்டில் தனியாக இருக்கும் ஒரு கிழவர். பட்டப்பகலில், அவர் சமைத்துக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் வந்து நின்று கடைத்தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிக்கிற ஒரு அம்மாள். குழம்பை ருசி பார்த்து, "காரம் ஜாஸ்தி" என்கிறாள். அவ்வளவுதான் கதை.

நல்ல எழுத்தில் பிரதி எடுத்துத் தைத்தேன். கரீம் பாய் பார்த்துவிட்டு, "நல்ல ஆட்டுத்தோல் இருக்குது, அட்டை போட்டுத் தரட்டா?" என்றார்.

"வேணாம் பாய். இதுக்கு மட்டும் தோல் வேணாம்."

அப்பா நெய்த துணியில் ஒரு துண்டு கிடந்தது. அதைப் போட்டு அட்டை கட்டி, மற்ற புத்தகங்களோடு வைத்து முதலியாரிடம் கொடுத்தேன். எழுதினது யார் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து வந்தார். துணிப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"எல்லாம் சரிதான். இந்த எடம் தப்பா இருக்குது."

"எது ஐயா?"

"'காரம் ஜாஸ்தி'ன்னு சொல்ல மாட்டா. எதைச் சாப்ட்டாலும் 'உப்பு கம்மி'ன்னுதான் சொல்லுவா. சோளிங்கர்ல பிரசாதம் குடுத்தப்பவே பட்டர் முன்னாடி சொன்னவ."

நான் பேனாவை எடுத்து அடித்து, மேலே 'உப்பு கம்மி' என்று எழுதினேன். மை காய்கிற வரைக்கும் நின்று பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டு வாரத்துக்கு மேல் புத்தகத்தை வைத்திருந்தால் வாசகசாலைக்காரன் வீட்டுக்கே போய்க் கேட்டு வாங்க வேண்டும். முதலியாரே எழுதி மாட்டிய சட்டம் அது. தவணை தாண்டி வெகுநாளாகிவிட்டது. அவருடைய சட்டத்தை அவரிடமே காட்டிக் கேலி செய்யலாம் என்று ஒரு நாள் மத்தியானம் ரயில் பாதையைத் தாண்டிப் போனேன்.

கதவு திறந்திருந்தது. என் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, கூப்பிடலாம் என்று வாசலில் நின்றேன். உள்ளே சமையலறையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாய் போட்டார். மென்றார். எதிரில் காலியாகப் போட்டிருந்த மணைப்பலகையைப் பார்த்து, "சரிதான்டி, கம்மிதான்" என்றார். சிரித்துக்கொண்டே உப்புக்குக் கையை நீட்டினார்.

நான் புத்தகத்தைக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.